ஜன்னலடைப்பு

பந்திங்கிலிருந்து கம்பெனி பஸ் ஐந்தே காலுக்கு.
செம்பனை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
செப்பாங் போய்ச் சேர ஆறரை.
பசியாறுவதெல்லாம் கொட்டகைக்குள்தான்,
நாசி லெமாக் பொட்டலத்தை
இறக்கையின் நிழலில் பிரித்து.

பதினெட்டு வருடம் ஆட்களை ஏற்றிய விமானம்.
இனிமேல் பெட்டிகளை ஏற்றும்.
நடுவில் நாங்கள், தொண்ணூறு நாள்.

முதலில் நாற்காலிகள் போகும்.
பிறகு அடுப்படி, கழிவறை,
தலைக்கு மேலிருந்த சாமான் பெட்டிகள்,
மஞ்சள் மூச்சுமூடிகள்
ஒன்றை இழுத்தால் குடல் உருவுகிற மாதிரி
கொத்தாக வரும்.
தரைவிரிப்பைக் கிழித்தால் கடலைத்தோல்,
ஒற்றைத் தோடு, ஆறு நாட்டுச் சில்லறை,
ஒரு பால்பல்.
பல்லை மட்டும் யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.
ஹபீஸ் அதை டிஷ்யூவில் சுற்றினான்.
என்ன செய்தான் என்று கேட்கவில்லை.

இடப்பக்கம், இறக்கைக்கு முன்னால்,
உடம்பையே அறுத்து ஒரு பெருங்கதவு வைப்பார்கள்.
அது வேறு அணி.
என்னுடையது ஜன்னல்.
கண்ணாடியைக் கழற்றி
அதே வளைவில் வெட்டிய அலுமினியத் தகட்டை வைத்து
ஓரம் பூசி, இறுக்கி, அடுத்தது.
பென்சிலால் குறி போடக்கூடாது,
கரி அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கழற்றிய நாற்காலியில் ஒரு வரிசையை
பழைய இரும்பு வாங்கும் லிம்மிடமிருந்து
நூற்றைம்பது வெள்ளிக்கு எடுத்து
என் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடையில் போட்டார்.
மூன்று பேர் உட்காரலாம். பெல்ட்டும் உண்டு.
ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் வருவார்கள்.
தில் பகதூருக்கு எப்போதும் சுவரோரம்.
காலண்டரைத் தட்டிக் காட்டி
"ஜன்னல்" என்பான்.
அவனுக்குத் தெரிந்த பதினைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

காட்மாண்டுவிலிருந்து வந்த இரவு
ஜன்னலோரம் கிடைத்ததாம்.
வழி முழுக்கக் கண்ணை எடுக்கவில்லையாம்.
என்னதான் பார்த்தாய் என்று கேட்டேன்.
இறக்கை நுனியில் ஒரு விளக்கு, அக்கா.
வேறே ஒன்றுமில்லே.
ஆனாலும் பார்த்தேன்.

காலைப் பெரட்டில் அவன் ஒரு தலை.
மாலைத் தராசில் இத்தனை டன் குலை.
மார்ச்சில், மழைக்கு மறுநாள்,
உயரத்துக் குலைக்கு அவன் தூக்கிய அரிவாள் கழி
மின்கம்பியில் பட்டது.
கழி அலுமினியம்.
கை வலிக்காமல் இருக்கத்தான் அலுமினியம்.

அவன் ஊருக்குப் போனது
நான் ஜன்னல் அடைத்த விமானத்தில் என்று சொன்னால்
இது நன்றாக முடியும்.
விசாரித்தேன். இல்லை.
ஆட்கள் போகிற விமானம்தான்.
மேலே யாரோ ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டிருப்பார்கள்.
கீழே, மற்றவர்களின் பெட்டிகளோடு,
நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று ஒட்டிய சீட்டோடு அவன்.
உயிரோடு அறுபதுகூட இருக்கமாட்டான்.
மிச்சமெல்லாம் பலகை, துத்தநாகம், ஆணி.

கடையில் சுவரோர இருக்கை காலியாகவெல்லாம் இல்லை.
அடுத்த ஞாயிறே வேறொருவன் உட்கார்ந்து
போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது கொட்டகையில் இன்னொரு விமானம்.
எண்பத்தாறு ஜன்னல்.
தகட்டை வைக்கும் முன்
ஒவ்வொன்றிலும் ஒரு தரம் வெளியே பார்க்கிறேன்.
பெரும்பாலும் கொட்டகைச் சுவர்தான்,
தீயணைப்புக் குழாய், ஹபீஸின் முதுகு.
பின்வரிசை நாலைந்தில் மட்டும்
கதவு திறந்திருந்தால்
வேலிக்கு அப்பால் செம்பனை தெரியும்.
ஜன்னலுக்குப் பத்து நொடி என்று வைத்தாலும்
கால் மணி நேரம் கம்பெனிக்கு நட்டம்.

இன்ஸ்பெக்டர் ஓங் ஒருநாள் கேட்டார்,
என்ன பார்க்கிறாய்?
ஓரம் சரியா இருக்கா என்று பார்க்கிறேன், சார்.