அவசரம், ஐந்துக்கு நான்கு

காலை 6.10. இருநூற்று எண்பது மில்லி.
அளவுக் குவளை சமையலறையுடையது,
இனி அதில் மாவு அளக்கப் போவதில்லை.
அவசரம் எவ்வளவு, ஒன்று முதல் ஐந்துக்குள்?
கேட்கிறது செயலி.
இரண்டு.
கசிவு உண்டா?
இல்லை.
நன்றி, என்கிறது.
இந்த விஷயத்துக்கு யாரும் இதுவரை
நன்றி சொன்னதில்லை.

ராட்டர்டாம் துறைமுகத்தில்
ஏழாம் எண் பாரந்தூக்கி என்னுடையது.
நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் இருக்கை,
காலடியில் கண்ணாடித் தரை,
அதற்குக் கீழே கப்பல்,
கப்பலுக்குக் கீழே, வேறென்ன,
தண்ணீர்.
கழிப்பறை மட்டும் கரையில்.
மின்தூக்கிக்கு நான்கு நிமிடம்.
காற்றடித்தால் ஆறு.

பதினோரு மாதம் வானொலியில் பொய் சொன்னேன்.
கம்பிவடம் உரசுகிறது, இறங்கிப் பார்க்கிறேன்.
கையுறையை மறந்துவிட்டேன்.
மறுபடியும் கையுறை.
மேற்பார்வையாளர் வெர்மாஸ் கேட்டார்:
உனக்கு மொத்தம் எத்தனை கை, யோரிண்டா?

அதன் பிறகு தண்ணீரை நிறுத்தினேன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.
தலை இடித்தது.
ஆனாலும் முட்டியது.

மூன்று நாள் குறியுங்கள்,
உண்மையை மட்டும், என்றாள் செவிலி.
மூன்று நாள் மூன்று வாரமாயிற்று.
ஒரு பொய்யும் எழுதவில்லை.
விரலுக்கு வெட்கம் வாயைவிடக் குறைவு போலும்.

செவ்வாய் 10.40. அவசரம் ஐந்து.
கசிவு: உண்டு.
எங்கே? வீடா, வேலையா, பயணமா, மற்றவையா?
மின்தூக்கிக்குத் தனிக்கட்டம் இல்லை.
மற்றவையைத் தொட்டேன்.
குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள்.
பதினேழாவது மீட்டரில், என்று எழுதினேன்.

ஞாயிறன்று வரைபடம் வந்தது,
நீல நீலமாய் மேடுகள்,
நான் அடுக்கும் கொள்கலன்கள் மாதிரி.
வாயைக் கட்டிய நாட்களில்தான்
மேடு உச்சத்தில் இருந்தது.
கட்டைவிரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அட முட்டாளே.

நேற்று உணவுக்கூடத்தில் அந்த ஓசை.
ட்ளிக்.
தகர வாளியில் ஒரு சொட்டு.
சட்டைப்பையை அறைந்து மூடினேன்.
என்னுடையது ஊமையாகத்தான் கிடந்தது.
எதிர்மேசையில் வீப்ரன்,
ஒன்பதாம் எண், நூற்றுப்பத்து கிலோ,
குளிர்காலத்திலும் அரைக்கை,
உள்ளங்கை முழுதும் விரித்துத்
தொலைபேசியை மூடியிருந்தான்.
காது சிவந்திருந்தது.
என் கை இன்னும் பையின் மேலேயே இருப்பதை
அவன் பார்த்தான்.
ஒன்றும் பேசவில்லை.
மூன்றாவது கோப்பைக் காப்பியை மட்டும்
மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தான்.

இன்று 11.25.
வானொலியை அழுத்தினேன்.
கம்பிவடம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
ஏழாம் எண், என்றேன்.
ஒன்றுக்குப் போகிறேன்.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
வெர்மாஸ் இருமினார்.
பிறகு அந்தக் கனத்த குரல்:
ஒன்பதாம் எண். நானும்.

அவசரம்: நான்கு.
கசிவு:
பொறு, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.