கலிவரதன் செய்த உபகாரம்

இரவு டூட்டி முடிந்து
கடலூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில்
சோரியாங்குப்பம் வந்திறங்கினேன்.
பையில் காலி டிபன் பாக்ஸ்,
விரல்களில் இன்னும் ஸ்பிரிட் வாசனை.
பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்த இரவு.

தூரத்திலேயே தெரிந்தது
என் முப்பது குழியின் மேல்
ஒரு வெள்ளை.
யாரோ வேட்டி காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான்
முதலில் நினைத்தேன்.
வேட்டி எழுந்து பறந்து
திரும்ப உட்கார்ந்தது.

கொக்குகள்.
நடுவில் டிராக்டர்.
மேலே, பல்லெல்லாம் தெரிய, கலிவரதன்.

"பக்கத்துக் கொல்லை ஓட்ட வந்தேன்.
டீசல் மிச்சமிருந்தது.
ஆம்பள இல்லாத வீடு, பாவம்,
சும்மா கெடக்குதேன்னு
உங்களுதையும் ஓட்டிட்டேன்க்கா.
காசெல்லாம் வேணாம்."

மூன்று வருஷம்
களைக்கொத்துகூடப் படாமல் வைத்திருந்தேன்.
வைக்கோல், வாழைச்சருகு, அறுத்துப் போட்ட சணப்பு,
வெயில் நேராகப் பார்க்காதபடி
மேல்மேலாய்ப் போர்த்தியிருந்தேன்.
காய்ச்சல் பிள்ளைக்குக் கம்பளி மூடுறா
ஆஸ்பத்திரிக்காரி என்று
பம்ப்செட்டில் குளிக்கிறவர்கள் சிரித்தது
என் காதிலும் விழுந்தது.
முதல் வருஷம் கத்தரிக்காய் கட்டைவிரல் பருமன்.
அடுத்த வருஷம் பாதி பூச்சிக்கு.
இந்த வருஷம்தான்
ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால்
வேர் தனியாக வராமல்
மண்ணையும் கைபிடித்துக் கூட்டி வந்தது.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும் அவனுக்கு.

கத்த வாயெடுத்தேன்.
வியர்வையைத் துடைத்தபடி அவன் கேட்டான்:
"ஒண்ணு மட்டும் புரியலக்கா.
நேத்துலேருந்து ஆறு கொல்லை ஓட்டிட்டேன்.
அங்கெல்லாம் ரெண்டு கொக்கு, மூணு கொக்கு.
இங்க எறங்கினதும்
பாகூர் ஏரியே கெளம்பி வந்துட்டுது.
அப்படி என்னதான் போட்டு வெச்சிருக்கீங்க?"

குனிந்து ஒரு கட்டியை உடைத்தேன்.
உள்ளே பாதிப் புழு.
மீதிப் பாதி எந்த அலகிலோ.
அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
நெளிந்தது.
வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.
ரிசல்ட்டை வாயால் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு;
காகிதத்தில் எழுதிக் கொடுப்பதோடு சரி.

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு வண்டியை அணைத்தான்.
அணைத்த பிறகும்
சத்தமே இல்லாமல் அவை தின்றன.

டீ போட்டுக் கொடுத்தேன்.
உழுததற்கல்ல, வந்தவனுக்கு.

கரண்ட் கம்பத்தை ஒட்டி
டிராக்டர் திரும்ப முடியாத ஆறடி
தப்பித்திருந்தது.
பூசணிக்கொடி ஒன்று எதையும் கேள்விப்படாததுபோல்
அங்கே பூத்திருந்தது.
சருகை விலக்கிக் கைவிட்டேன்.
குளிர்ச்சி.
மழை விட்ட மறுநாளின் வாசனை.
பிரிந்த மல்துணி நூலாய்
வெள்ளைப் பூஞ்சை இழைகள்.

டிபன் பாக்ஸைக் கழுவி
நாலு பிடி அள்ளிக்கொண்டேன்.
ஒரு பானைப் பாலுக்கு
எவ்வளவு உறைமோர் ஊற்றுகிறோம்?
குழிக்கு ஒரு சிட்டிகை என்று
எண்ணி எண்ணித் தூவினேன்.
தட்டைப்பயறு கொஞ்சம் இருந்தது, அதையும்.
வெயில் ஏறுமுன் மூட வேண்டும்.
மூட என்னிடம் ஒன்றுமில்லை;
போர்வையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது.

பகல் தூக்கம் கலைந்து எழுந்தபோது
வாசலில் டிரெயிலர்.
கரும்புச் சோகை, ஆளுயரத்துக்கு மேல்.
"கொளுத்தத்தான் வெச்சிருந்தாங்க.
எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க."
சொன்னேன்.
உடனே பதறி இன்னொன்றும் சொன்னேன்:
வண்டி வரப்போடு நிற்கட்டும்,
உள்ளே தலைச்சுமைதான்.

பொழுது சாயும்வரை பரப்பினோம்.
பாதி மூடியது.
மூடாத பாதியில்
ஒரு கொக்கு மட்டும் போக மனமில்லாமல் நின்றது.
தலையில் சோகைக் கட்டோடு
அதன் பக்கம் போனான் கலிவரதன்.
விரட்டவில்லை.
பஸ்ஸில் இடம் கேட்கிறவன்போல்
"செத்த நவுரு" என்றான்.