ஆணி இல்லாத சட்டுவம்

மூன்றாவது சட்டுவமும் கழுத்தில் ஒடிந்தது.
பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது.
தகடு தனி, காம்பு தனி, நடுவே இரண்டு ஆணி.
கொத்துப் பரோட்டா பாதியில் இருக்க
தகடு மட்டும் துள்ளிப்போய்
முட்டைக்கூடையில் விழுந்தது.

எதிரே சுகதனின் லாரிப்பட்டை ஒர்க்ஷாப்.
எனக்கு அவன் தரவேண்டிய பற்று
ஆயிரத்து நானூற்று அறுபது.
"காசில்லை அபுதாகிரே, இரும்பு உண்டு."
"அப்படியென்றால் அடித்துக் கொடு."
"நேரமில்லை. தீ அங்கே கிடக்கு, நீயே அடிச்சோ."

மத்தியானம் மூன்று மணிக்கு
வேலந்தாவளத்தில் பரோட்டாவுக்கு ஆள் இல்லை.
மாவு ஈரத்துணிக்குள் உறங்கியது.
லுங்கியை மடித்துக் கட்டிச் சாலையைத் தாண்டினேன்.

வில்லுப்பட்டையில் ஒரு முழம்.
எந்த லாரிக்கு அடியில்
எத்தனை மூட்டை சிமெண்டுக்கு வளைந்து கொடுத்ததோ.
பழுக்க வை என்றான்.
சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கமும்
இந்தப் பக்கமும் இரும்பு பழுக்கத்தான் செய்கிறது.
எது பழம் எது அழுகல் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
முதல் துண்டு வெள்ளையாகி
கம்பி மத்தாப்புபோலப் பொரிந்து
முனையெல்லாம் பொத்தலாக வெளியே வந்தது.
சுகதன் ஒன்றும் பேசவில்லை.
சாக்கட்டியை எடுத்துச் சுவரில் எதையோ எழுதினான்.

மாவு காத்திருக்கும்.
அரைமணி விட்டால் இன்னும் இணங்கி வரும்.
இது அப்படியில்லை.
கொறட்டால் பிடித்துக் கல்லில் வைத்து
பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள்
ஆரஞ்சு சிவப்பாகிறது, சிவப்பு கறுக்கிறது.
கறுத்த பிறகு அடித்தால்
இரும்பு கேட்பதில்லை,
முழங்கைதான் கேட்கிறது.
இரண்டாவது துண்டை
பரோட்டா தட்டுவதுபோல
நடுவிலிருந்து வெளியே வெளியே அடித்தேன்.
விரிந்தது!
சந்தோஷத்தில் அப்படியே வாளித்தண்ணீரில் முக்கினேன்.
டிக்.
குறுக்கே ஒரு மயிர்க்கோடு,
முட்டை ஓட்டில் விழுவது போல.
ஊதுமோட்டாரை நிறுத்திவிட்டு பிபுல்
(அசாம்காரன், இரண்டு பாஷையும் வராது)
கரி ஆயில் டப்பாவைக் காலால் என் பக்கம் தள்ளினான்.
சுவரில் இன்னொரு வரி ஏறியது.

மூன்றாவதற்கு நாலு நாள்.
காம்பும் தகடும் ஒரே இரும்பு.
புறங்கையில் இரண்டு கொப்புளம்.
ஆயிலில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டி,
அரத்தால் ஓரம் தேய்த்துப் பார்த்தால்
வாய் ஒரு பக்கம் கோணல்.
நிமிர்த்த இன்னும் ஒரு சூடு வேண்டும்.
மாவுக்கு நேரமாகிவிட்டதென்று
அப்படியே கொண்டுவந்து கல்லில் இறக்கினேன்.

நான் இடக்கைக்காரன்.
கடைச் சட்டுவம் ஒவ்வொன்றும்
ஆறுமாதம் தேய்ந்து தேய்ந்து
என் கைக்கு வந்துசேரும் சாய்வு ஒன்று உண்டு.
அதற்குள் ஆணி விட்டுவிடும்.
இடக்கை அடித்த இந்தச் சட்டுவத்தில்
அந்தச் சாய்வு
முதல் பரோட்டாவிலேயே உட்கார்ந்திருந்தது.

ராத்திரி ஒன்பதுக்கு
சுகதன் கையைப் பிடித்து இழுத்துப்போய்
டார்ச் அடித்துச் சுவரைக் காட்டினான்.
சுருள் சுருளான அந்த எழுத்து எனக்கு ஓடாது.
எண் ஓடும்.
இரண்டு பட்டை, கரி, ஆயில், பிபுலின் டீ,
கூட்டினால் ஆயிரத்து ஐநூற்றுப் பத்து.
நான்தான் ஐம்பது ரூபாய் தரவேண்டுமாம்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.
கல்லில் இரண்டு தட்டு தட்டினேன்,
எதுவும் ஆடவில்லை.
நாலு பரோட்டா நாற்பத்தெட்டு.
மீதி இரண்டு ரூபாய்க்கு
சால்னாவை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான்.