மேசைக்கு ஓர் ஊசி

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று
ஏலத்தில் விட்ட வேன் எங்களுடையது.
'வெறும் வயிற்றில் வரவும்' என்ற வரி
இரண்டு கோட் வெள்ளைக்கு அடியிலிருந்து
சாய்ந்த வெயிலில் இன்னும் எட்டிப் பார்க்கும்.

உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு,
இருபது லிட்டர் கேன்,
அப்புறம் அந்த மேசை.
அயனாவரத்தில் கிளினிக்கை மூடிய பல் டாக்டரின்
நாற்காலியிலிருந்து கழற்றிய இரும்புக் கை,
அதன் தலையில் ஒட்டுப்பலகை.
நாற்பது வருடம்
யார் யார் வாயை நோக்கியோ நகர்ந்து பழகிய கை.
நில் என்றால் எப்படி நிற்கும்?

முதல் ஓட்டம் ஒரு ஞாயிறு, விடியலில்.
கத்திப்பாராவில் வேன் வலப்பக்கம் வளைந்தது,
மேசை இடப்பக்கம் கிளம்பியது.
கதவு வரை போய்
ஏதோ மறந்துவிட்டது போல் ஒரு கணம் நின்று
திரும்பி வந்து என் இடுப்பில் இடித்தது.
ஒரு டப்பா வேர்க்கடலை தரையெல்லாம்.

"பிடிச்சுக்கோ" என்றார் தேவசகாயம்
கண்ணாடியைப் பார்த்து.

பிடித்துக்கொண்டேன்.
கிண்டி, வேளச்சேரி, பள்ளிக்கரணை,
துரைப்பாக்கம் வரை
நானே தாழ்ப்பாள்.
சதுப்பில் பூநாரைகள் நின்றனவாம், நூறு இருக்குமாம்.
நான் பார்த்தது
ஒட்டுப்பலகையின் விளிம்பை.

அப்புறம் நைலான் கயிறு.
முடிச்சு அவிழ்வதற்குள் தோசை ஆறிப்போகும்.
அலமாரிக் காந்தம் வாங்கினோம்.
வீட்டு வாசலில் பிரமாதமாக ஒட்டியது,
முதல் ஸ்பீடு பிரேக்கரில் உதறிவிட்டது.
சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்தோம்,
பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை மாதிரி
அடிவழியாக நழுவியது.
ஒருநாள் அவர் சொன்னார்:
"மேசையே வேண்டாமே, மடியில வெச்சு சாப்பிடலாம்."
யார் மடியில் என்று நான் கேட்கவில்லை.

புதுப்பேட்டையில் ரெஜினாவின் கடை.
கழற்றிய இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே
அவளுக்கு மட்டும் இடமிருக்கும் ஒரு ஸ்டூல்.
எழுந்து வந்து வேனில் ஏறினாள்.
ஒரு விரலால் மேசையைத் தள்ளினாள்.
பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

"சுத்துறது வேற, ஆடுறது வேற.
உனுக்கு இன்னாமா, எது நிக்கணும்?"

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில்
என்னிடம் யாரும்
இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை.

"ரெண்டும்" என்றேன்.

ஏதோ ஒரு ஆம்னியின் சீட்டுக்கு அடியில் இருந்த
ஸ்பிரிங் ஊசியைத் தேடி எடுத்தாள்.
கையின் கழுத்தில் துளை போட்டாள்.
சுருள் சுருளாய் இரும்பு உதிர்ந்தது,
வேன் முழுக்கச் சுட்ட வாசனை.
மேசை சுவரைத் தொடும் மூலையில்
சைக்கிள் ட்யூபை நாலாய் மடித்து அடித்தாள்.
"ஊசி சுத்தாம பாத்துக்கும்.
ரப்பர் ஆடாம பாத்துக்கும்.
முந்நூத்தி எம்பது. ட்யூபுக்குக் காசு வேணாம்."
தேவசகாயம் முந்நூறு என்று ஆரம்பித்தார்.
நான் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, மறுபடி கத்திப்பாரா.
அவர் வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றினார்.
மேசை நின்றது.
என் கைகளுக்குத்தான் போக்கிடம் தெரியவில்லை.
மடியில் வைத்தேன், எடுத்தேன்,
போன வாரத்துக் கடலை ஒன்றைத்
தரையிலிருந்து பொறுக்கித் தோலுரித்தேன்.

பள்ளிக்கரணையில் பூநாரைகள் இல்லை.
தூரத்துக் குப்பை மேட்டின் மேல்
பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன.
பதினேழு. பதினெட்டு.

பின்னால் எவர்சில்வர் உரசும் சத்தம்.
நின்ற மேசையின்மேல்
தம்ளர் மெல்ல விளிம்பை நோக்கி நகர்கிறது போலும்.

"பிடிச்சுக்கோ" என்றார் தேவசகாயம்.

பத்தொன்பது.