சிவப்பில் நின்றுபோகும் வண்டி

பச்சையில் ஓடுகிறது,
சிவப்பில் செத்துப்போகிறது.
மூன்று வாரமாய் இதே கதை.
நேற்று இரவு வேலைக்குப் போகையில்
செம்பவாங் சாலையில்
பின்னால் சிமெண்ட் லாரி, மேலே மழை.
பொத்தானை அழுத்தி அழுத்திக்
கட்டைவிரல் மரத்துவிட்டது.

விற்றுவிடு என்கிறார் முகுந்தன்.
யார் வாங்குவார்?
உரிமைச் சான்றிதழுக்கு இன்னும் பதினான்கு மாதம் உயிர்.
தொட்டியில் என் வளையல் போட்ட கீறல்,
சைலன்சரில் துரு.
பழைய இரும்புக்காரனே
தூக்கிப்போகக் கூலி கேட்பான்.

ஞாயிறு காலை, கார்நிறுத்தம், 3B தளம்.
இங்கே பழுது பார்க்காதீர் என்ற பலகைக்கு
முதுகைக் காட்டி உட்கார்ந்து
கவ்விகள் இரண்டைத் தளர்த்திக்
கார்புரேட்டரை மட்டும் கழற்றினேன்.
பேரங்காடிப் பையில் போட்டு
மின்தூக்கி ஏறினேன்.
ஐந்தாம் மாடி மாது, கையில் கைலான் கீரை,
மூக்கைச் சுருக்கி
"மீனா?" என்றாள்.
"இல்லை, மோட்டார்."

வீட்டில் ஊரடங்கு:
சன்னல்கள் எல்லாம் திறக்க வேண்டும்,
அடுப்பை யாரும் தொடக் கூடாது.
முகுந்தன் கீழே போய்ப் பரோட்டா வாங்கிவந்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சொல்லாததுதான்
வீடு முழுக்கக் கேட்டது.

இட்லித் தட்டை எடுத்தேன்.
முதல் குழியில் கிண்ணத்தின் திருகுகள்,
அடுத்ததில் மிதவையும் அதன் ஊசியும்,
மூன்றாவதில் ஜெட்டுகள்.
நான்காவது குழி,
என்னவென்று தெரியாதவற்றுக்கு.

பைலட் ஜெட்:
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை.
நடுவே துளை இருக்கிறதாம்.
ஊதினேன், நாக்கில் பெட்ரோல்தான் வந்தது.
தெக்கோங்குக்குப் போகுமுன்
இளம்பரிதி அறுத்துவிட்டுப் போன கிட்டார் தந்தி,
இருப்பதிலேயே மெல்லியது,
மேசை இழுப்பறையில் கிடந்தது.
முதலில் வளைந்தது,
பிறகு முரண்டியது,
பிறகு சட்டென்று உள்ளே போய்விட்டது.
கடுகளவு பச்சைக் களிம்பு
விரலில் ஒட்டியது.

கண்ணருகே பிடித்துப் பார்த்தேன்.
துளைக்குள் எதிர் புளோக்.
எதிர் புளோக்கில் ஒரு சன்னல்,
சன்னலில் மூங்கில் கழி,
கழியில் காயும் சிவப்புச் சட்டை.
இத்தனையும் நுழைகிற வழி.
இதைத்தான் ஒரு கடுகு
மூன்று வாரம் மூடிவைத்திருந்தது.

திரும்பப் பூட்டும்போது
குட்டிச் சுருள்வில் ஒன்று
துள்ளிக் குளிர்பெட்டிக்கு அடியில் ஓடியது.
தரையில் குப்புறப் படுத்து
அளவுகோலால் துழாவினேன்.
வந்தவை:
தூசி, ஒரு ஐம்பது காசு,
கருகிய மிளகாய் வற்றல்,
சுருள்வில்,
அஞ்சல்பெட்டிச் சாவி.

அந்தச் சாவி.
நீதான் தொலைத்தாய், நீங்கள்தான் என்று
ஏழு வருஷத்துக்கு முன்
நான்கு நாள் பேசாதிருந்த அதே சாவி.
புடவைத் துணியில் துடைத்து
அவர் தட்டருகே வைத்தேன்.
பார்த்தார். சிரிக்கவில்லை.
பரோட்டாவைப் பிய்த்துச்
சால்னாவில் தோய்த்து
என் வாயில் வைத்தார்,
என் கை இரண்டிலும் பெட்ரோல் என்பதால்.

எல்லாம் பூட்டியாயிற்று.
நான்காம் குழியில் மட்டும்
ஒரு வாஷர் மிச்சம்.
படத்தில் தேடினேன், இல்லை.
முந்தைய சொந்தக்காரர் ஹைருலுக்குப் படம் அனுப்பினேன்.
"அதுவா, எனக்கும் மிச்சமானது அக்கா,
எங்கேயோ செருகிவிட்டேன்" என்றார்.

இரவு, செம்பவாங் சாலை, அதே விளக்கு.
சிவப்பு.
டுக் டுக் டுக் டுக்
இதோ இப்போது நிற்கும்
டுக் டுக்
இதோ
டுக் டுக் டுக்
தொடையின் கீழே சின்ன நடுக்கம்,
விட்டுப்போகாமல்.

பச்சை வந்ததை நான் பார்க்கவில்லை.
பின்னால் பேருந்து ஆரன் அடித்தது,
அடித்துக்கொண்டே இருந்தது.