முறைத் தண்ணீர்

கொலோனுக்கு வெளியே
பதினொரு நாள் நங்கூரத்தில் கிடந்தோம்.
அறுபத்து மூன்று கப்பல்கள்.
இரவில் எண்ணினால் ஒரு சின்னப் பட்டணம்.
பகலில், வெயில் காயும் முதலைகள்.

சோயா ஏற்றி யப்பானுக்குப் போகிறது எங்கள் கப்பல்.
நான் மேல்தளத்தில் நின்று திசை பார்ப்பவனில்லை,
எண்ணெய்க்காரன்.
நீர்மட்டத்துக்குக் கீழே வேலை.
சுவெசை நாலு தரம் கடந்திருக்கிறேன்,
மணலைக் கண்டதில்லை.
பொஸ்பரசின் பாலங்கள் என் தலைக்கு மேலால் போனபோது
நாற்பத்தாறு பாகை வெக்கையில்
மூன்றாம் ஜெனரேற்றருக்கு வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன்.
ஒட்டுசுட்டான் சந்தியில் கேட்பார்கள்,
"உலகமெல்லாம் சுத்தினனி, எப்பிடியடா?"
சத்தம் என்பேன்.
நம்பமாட்டார்கள்.

பணக்காரக் கப்பல்கள் காசு கட்டி முந்துகின்றன என்றான் ரோடெல்.
அது பொய்யுமில்லை.
சீஃப் ஒலெக்சிதான் கைபேசியைப் பார்த்து வாசித்தார்:
மழையில்லை, ஏரி இறங்கிவிட்டது,
ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான்.

மற்றவர்கள் ஏசினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கால்வாய் என்றால்
இந்தக் கடல் அந்தக் கடலுக்குள் ஓடும் என்றே
இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
நடுவில், உயரத்தில், ஆற்றை மறித்துக் கட்டிய ஒரு குளம்.
கட்டு இருக்கிறது, துருசு இருக்கிறது, வான் இருக்கிறது.
ஒவ்வொரு கப்பலையும் படிப்படியாய்த் தூக்கி இறக்க
அதிலிருந்துதான் திறந்துவிடுகிறார்கள்.
கப்பல் போன பிறகு
அந்தத் தண்ணீர் கடலுக்கு.

இடம்பெயர்ந்த வருசம்
எங்கள் குளத்தின் கதவைப் பூட்ட ஆளில்லை.
பேராற்றால் போய்க் கடலில் விழுந்தது முழுக்க.
அதைக் கண்டவர்கள் கொஞ்சப்பேர்.
அவர்களும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள் கௌரிமலரின் குரல் வந்தது.
"கூட்டம் முடிஞ்சுது. பதின்மூண்டடிதான் நிக்குது.
எங்களுக்கு முக்கால் ஏக்கர்.
முறை செவ்வாய் ராத்திரி, பதினொண்டுக்குப் பிறகு.
மேல்காணிக்காரன் இந்த முறையும் வரம்பை வெட்டுவான்.
நான் ரோச்சோடை போய் இருக்கப்போறன்."
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"நீங்கள் என்ன செய்யிறியள்?"

முறைக்கு நிக்கிறம், என்று எழுதினேன்.
பகிடி என்று நினைத்திருப்பாள்.

குளத்துக்குள் ஏறியதும் சீஃப் மேலே பார்த்துக் கண்ணைக் காட்டினார்.
பத்து நிமிசம்.
ஓடி ஏறினேன்.
தண்ணீருக்குள் பட்ட மரங்கள்,
கழுத்தளவில், நூறு வருசமாய்.
ஒன்றின் நுனியில் நீர்க்காகம் இறக்கை விரித்துக் காயவிட்டிருந்தது.
ஒரு கணம் முத்தையன்கட்டில் நிற்கிறேன்
என் காலுக்குக் கீழே நாற்பதாயிரம் தொன் சோயாவோடு.

நன்னீரில் கப்பல் கொஞ்சம் தாழும்.
இரும்புக்கும் அது தெரியும்.

கீழே வந்து கடல்நீர்ச் சல்லடையைக் கழற்றினேன்.
வழக்கமாய்ச் சொறிமுட்டை, நண்டுக்கால்.
இன்றைக்கு இலைச் சருகும்
நாங்கள் யப்பான் என்று சொல்லுகிற மீனின் குஞ்சொன்றும்.
இன்னும் துடித்தது.
ரோடெல் இதற்குத் திலாப்பியா என்றான்.
வாளியில் போட்டேன்.
இறங்குகிற வாசலுக்கு முன்னம்
ஆளனுப்பி மேலிருந்து கொட்டுவித்தேன்,
குளத்துக்குள்ளேயே.

அங்கே செவ்வாய் இரவு பதினொன்று
எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டரை.
கடைசிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம்.
பக்கத்துச் சுவர் உயர்வதை நான் காணவில்லை.
காது அடைத்த சத்தத்துக்குள்
ஒருமுறை இறங்க எத்தனை காணி பாயும் என்று
கணக்குப் பார்க்கத் தொடங்கி
ஆயிரத்துக்குக் கிட்ட வந்ததும் விட்டுவிட்டேன்.

பசுபிக்கில் சிக்னல் அறுபட முன்னம்
தவளைச் சத்தத்தோடு அவளுடைய குரல்:
"தண்ணி வந்திட்டுது. கணுக்கால் மட்டும்."

எங்களுக்கும் விட்டிட்டாங்கள், என்றேன்.
போனதோ தெரியாது.
ஒரு கோடுதான் விழுந்திருந்தது.