பிப்ரவரிக்கு உண்டு, குளிர்காலத்துக்கு இல்லை

புதன்கிழமை. அச்சுக்குப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம்.
லூனன்பர்க் துறைமுகத்திலிருந்து ஈரக் கையுறையோடு வந்து
ஆல்டன் கார்க்கம் என் மேசைமேல் வைத்தார்
மனைவியின் மரண அறிவிப்பை.
சொல்லுக்குப் பன்னிரண்டு சென்ட்.

மனைவி, படகு, அடுப்பு, முழங்கால், மீன்சூப்பு:
பெயர்ச்சொல் அத்தனையும் பெரிய எழுத்தில்
விறைத்து நின்றன.
ஜெர்மன் பைபிளில் எழுத்துக்கூட்டிய பரம்பரை.
கப்பலேறி எத்தனை தலைமுறை ஆகியும்
பேனாவுக்கு மறக்கவில்லை.

நானோ பிரெஞ்சு வீட்டுப் பெண், ஒடெட்.
எங்களுக்குத் திங்கட்கிழமைகூடச் சின்ன எழுத்துதான்.
ஆங்கிலத்துக்கு வந்தபின்
ஏழு கிழமைகளையும் எழுப்பி உட்காரவைக்க
ஒரு பள்ளிக்கூட வருஷம் பிடித்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
படகைக் குறுக்கினேன்;
அதன் வயிற்றில் எழுதியிருந்த 'வில்லா'வைத் தொடவில்லை.
ஆறு தனியே வந்தால் சின்னது,
லஹாவ் என்ற பேரோடு ஒட்டி வந்தால் அதற்கும் மரியாதை.
டாக்டர் ஹர்ட்டில் பெரியவர்.
நள்ளிரவில் வந்து கையை விரித்த டாக்டர்
சின்னவர்.
பிப்ரவரி பெரிது.
அவளைக் கொண்டுபோன குளிர்காலம் சின்னது.

"மீன்சூப்பு?" என்றார்.
"சின்னதுதான்."
"நீங்கள் சாப்பிட்டதில்லை."

'என் மனைவி'யில் பேனா நின்றது.
சொன்னேன்:
'என்' முன்னால் வந்தால் அம்மாவே சின்னவள்,
'என்' இல்லாமல், பேருக்குப் பதிலாக நின்றால்
பெரியவள். விதி.
நான் போட்டதில்லை.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு என் பேனாவை வாங்கி
'என்' வந்த இடமெல்லாம் அடித்தார்.
ஐந்து.
அறுபது சென்ட் மிச்சம்.

'மனைவி பிப்ரவரியில் இறந்தாள்.'
அம்மாவுக்கான விதி மனைவிக்கும் செல்லுமா
என்று கையேட்டைப் புரட்டியிருக்கலாம்.
இழுப்பறையிலேயே கிடந்தது அது.

தாள் முழுக்க
அவர் சின்னதாய் எழுதியது ஒரே ஒரு சொல்:
'நான்.'
அதை நிமிர்த்த வேண்டியிருந்தது.
ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைக் கோடு,
வரிக்கு நடுவிலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

"பாய் இல்லாத கம்பம் மாதிரி இருக்கிறது" என்றார்.
சில்லறையை எண்ணி வைத்தார்.
இரண்டு சென்ட் குறைந்தது.
இருக்கட்டும் என்றேன்.